புது டிவியும் பதினாறாவது தெருவும்

வேலையிடத்தில் எல்லோரும் அவளை ‘மூணாம் நம்பர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வாசலிலிருந்து மூன்றாவது மேசை அவளுடையது. பதினெட்டு வருடங்களாக அதே மேசைதான். நாற்காலிதான் நாலு தடவை மாறியிருக்கிறது. எங்கோ ஒரு வீட்டில் யாரோ மயங்கி விழுந்திருப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் பதறியடித்துப் போன் செய்வார். அந்தப் பதற்றத்துக்குள்ளிருந்து தெருவையும் வீட்டு எண்ணையும் பிடுங்கி எடுத்துக் கணினியில் தட்ட வேண்டும். அவள் தட்டி முடிக்கும்போது வண்டி கிளம்பியிருக்கும். புதிதாகச் சேருகிறவர்களிடம் மேலாளர் அவளைக் காட்டி, “அழுகைக்கு நடுவுல அட்ரஸ் பிடிக்கிறது எப்படின்னு அக்காகிட்ட கத்துக்குங்க” என்பார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

வீட்டில் மூன்று பேர். கணவர் ஒரு கிடங்கில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டி ஓட்டுகிறார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். பழைய டிவியில் படத்துக்குக் குறுக்கே ஒரு பச்சைக் கோடு விழுந்தது. ஒரு மாதத்தில் அது மூன்று கோடாகிச் செய்தி வாசிக்கிறவரின் மூக்கை மறைத்த பிறகுதான் புது டிவி வாங்குவது என்று முடிவானது.

ஒரு சனிக்கிழமை காலை கடையிலிருந்து இரண்டு பேர் வந்து சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். இவ்வளவு ஒல்லியான சாமானுக்குள் இவ்வளவு பெரிய படம் எப்படி அடங்குகிறது என்று கணவர் அதன் பின்பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். சுவிட்சைப் போட்டதும் படம் வரவில்லை. கேள்விகள்தான் வந்தன. என்ன மொழி, வைஃபை பாஸ்வேர்ட் என்ன, மெயில் ஐடி என்ன, இதற்கெல்லாம் சம்மதமா, கடைசியாக, யார் பார்க்கிறீர்கள்.

“யார் பாக்குறாங்கன்னு இதுக்கு எதுக்கு?” என்றார் கணவர். “வாங்கினவன் பாக்குறான்னு போடு.”

மகள் சிரித்துக்கொண்டே மூன்று பேருக்கும் தனித்தனியாக ஒரு படம் வைத்தாள். அம்மாவுக்குப் பூனை, அப்பாவுக்குக் கண்ணாடி போட்ட கரடி. ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டு வாயால் சொன்னாலே போதும், கேட்டதைப் போட்டுவிடும் என்று காட்டினாள். கணவர் அன்று முழுக்க அந்தப் பொத்தானை விடவே இல்லை. ஒரு நிகழ்ச்சியைக் கேட்டு வாங்கிவிட்டு, “தேங்க்ஸ்” என்றும் சொன்னார். டிவி ‘தேங்க்ஸ்’ என்ற தலைப்பில் நாற்பது வீடியோக்களைக் கொண்டுவந்து நிறுத்தியது.

அவளுக்குப் படம் பிடித்திருந்தது. “முகத்துல பவுடர் திட்டுத் திட்டா இருக்கிறதுகூடத் தெரியுது” என்றாள். “ஆனா பேசுறதுதான் ஒண்ணும் புரியல. எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறாங்க.”

சத்தத்தைக் கூட்டினாள். பழைய டிவியில் சத்தம் வைக்கும்போது எண் எதுவும் வராது. இதில் ஓரத்தில் பெரிதாக வந்தது. மகள் வைத்தால் பதினாலு. அவள் வைத்தால் முப்பத்தெட்டு.

“அம்மா, காது கிழியுது.”

“இசை வர்றப்போ கிழியுது. பேச ஆரம்பிச்சா செத்துப்போயிடுது. அதான் சொல்றேன், இதுல கோளாறு இருக்கு.”

ஒரு வாரம் இது ஓடியது. கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, “கதை நல்லாத்தான் போகுது, எங்க வீட்டுலயும் கேக்குது” என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு முகம் சுண்டிப் போனது. கடைக்குப் போன் போட்டாள். வந்த பழுது பார்ப்பவர் எதையெதையோ போட்டுக் கேட்டார், அமைப்புகளுக்குள் போய் வந்தார். “ஒல்லி டிவியில ஸ்பீக்கர் சின்னதுதாம்மா. ஆனா பழுதுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல” என்றார். செருப்பை மாட்டக் குனிந்தபடியே, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா என்றும் கேட்டார். அவள் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள்தான் பதில் சொல்லி அனுப்பிவைத்தாள்.

சத்தப் பிரச்சினை போதாதென்று இன்னொரு தொல்லையும் இருந்தது. அவள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிவி தானாக வேறொன்றுக்குத் தாவியது. சீரியல் நடுவில் கிரிக்கெட் வந்தது. “இதுக்குள்ள யாரோ உக்காந்து ஆட்டிவைக்கிறாங்க” என்று அவள் சொல்ல, கணவர் அதைக் கேலி என்று நினைத்துச் சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் சோபாவில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் எதிரே தரையில். டிவியில் ஒரு பேட்டி. திடீரென்று அது போய்ச் செய்தி வந்தது.

“பாத்தியா? மறுபடியும் தானா மாத்துது.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். “தானா இல்லம்மா. அப்பாதானே நியூஸ் போடுன்னு சொன்னாரு.”

“எப்போ?”

“இப்பதான்.”

அவள் திரும்பினாள். கணவர் சோபாவுக்குப் பின்னால், அவளுக்கு வலது பக்கமாக, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ரிமோட்டோடு நின்றிருந்தார்.

“நீங்க சொன்னீங்களா?”

“சொன்னேனே. உரக்கத்தான் சொன்னேன்.”

பிறகு கணவரே, “துணி சத்தத்துல கேட்டிருக்காது” என்றார். அது எவ்வளவு சப்பையான சமாதானம் என்று அவருக்கே தெரிந்தது. அவள் கையிலிருந்த தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். புது டிவி வந்து பதினைந்து நாளாயிருக்கும். அவள் இவ்வளவு நாளும் டிவியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குமேல் அவள் மனம் வீட்டில் இல்லை. மூணாம் நம்பர் மேசைக்குப் போய்விட்டது. அவளுடைய ஹெட்செட் ஒரு பக்கக் காதுக்கானது. முதல் நாளிலிருந்து வலது காதில்தான் மாட்டுவாள். இடது காது அறையில் நடப்பதற்கு. ஹெட்செட்டின் சத்தத்தை எப்போது கடைசிவரை ஏற்றி வைத்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தது வேறொன்று. மூன்று வாரம் முன்பு ஒரு வண்டி தவறான தெருவுக்குப் போய், பதினோரு நிமிடம் தாமதமாகியிருந்தது. ‘அழைத்தவர் தவறான தெரு எண் கொடுத்தார்’ என்று அவள்தான் குறிப்பு எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை வேலை தொடங்குமுன் அந்த அழைப்பின் பதிவைத் தேடி எடுத்தாள். அவரவர் பேசிய அழைப்புகளை அவரவர் கேட்டுப் பார்க்கலாம். ஒரு வயதான பெண்ணின் குரல். கணவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகிறது, பேச்சு வரவில்லை என்கிறார். தெரு எண் சொல்கிறார். அவள் வலது காதில் பதினாலாவது தெரு என்றுதான் விழுந்தது. மறுபடி ஓடவிட்டாள். பதினாலாவதுதான்.

ஹெட்செட்டைக் கழற்றி இடது காதில் வைத்துக் கேட்டாள்.

“பதினாறாவது தெரு.”

கொஞ்சம்கூடச் சந்தேகமில்லை. அந்த அம்மா ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்திச் சொல்லியிருந்தார். அடுத்து அவளுடைய குரலே வந்தது. “பதினாலாவது தெருவாம்மா?” அந்த அம்மா அழுதுகொண்டு, “ஆமா, ஆமா, சீக்கிரம் வாங்க” என்றார்.

மேசையில் முதல் அழைப்பின் விளக்கு மினுங்கியது. அவள் எடுக்கவில்லை. ஓய்வுக்கான பொத்தானை அமுக்கிவிட்டு மேலாளரின் அறைக்குப் போனாள். அழைப்பை நாலாம் மேசைக்காரர் எடுத்தார்.

மேலாளர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். முழுக்கக் கேட்டார். “அக்கா, நீங்க திருப்பிக் கேட்டீங்க, அவங்க ஆமான்னு சொன்னாங்க. முறைப்படி நம்ம பக்கம் தப்பு இல்ல.”

“அவங்க அந்த நேரத்துல எதைக் கேட்டாலும் ஆமான்னுதான் சார் சொல்லுவாங்க. பதினெட்டு வருஷமா பாக்குறேன்.”

“இதை எழுத்துல குடுத்தா, நான் உங்களை அந்த மேசையில உக்கார வைக்க முடியாது. தெரியும்ல?”

“தெரியும். அதான் எடுக்காம வந்தேன்.”

அன்று மதியமே அவள் காது டாக்டரிடம் அனுப்பப்பட்டாள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வலது காதைச் சோதித்தபோது அவள் விரல் நெடுநேரம் மடியிலேயே கிடந்தது. பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது, போனது திரும்பாது, கருவி வைத்தால் பேச்சு தெளிவாகும் என்றார் டாக்டர். இடது காது கொஞ்சம்தான் தேய்ந்திருந்தது. கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேறு மேசை கொடுத்தார்கள். திரையில் வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துச் சொல்லும் வேலை. காதுக்கு அங்கே அதிக வேலையில்லை. கூட வேலை செய்கிறவர்கள் ‘அக்கா’ என்பதோடு நிறுத்திக்கொள்ளப் பழகினார்கள். சிலர் மறந்துபோய்ப் பழையபடி கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

அந்த அம்மாவுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். மேலிடத்தில் கேட்டு அனுமதி வர ஒன்பது நாள் ஆனது. மேலாளர் பக்கத்தில் இருக்க, அவளே பேசினாள். இடது காதில் போனை வைத்துக்கொண்டு, தான் யார் என்பதையும், எண்ணைத் தப்பாகக் கேட்டது தான்தான் என்பதையும், குறிப்பைத் திருத்தியாகிவிட்டது என்பதையும் சொன்னாள்.

“அவருக்கு வலது கை இன்னும் தூக்க வரல” என்றார் அந்த அம்மா. “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா சரியாகியிருக்குமான்னு கேட்டேன். டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு.”

“மன்னிச்சுக்குங்கம்மா.”

“என் பையன் என்கிட்ட முகம் குடுத்துப் பேசி ஒரு மாசமாச்சு. இத்தனை வருஷம் இருக்கிற தெருவையே சொல்லத் தெரியலையான்னு கேட்டுட்டான். நானும் சொல்லத் தெரியலன்னுதான் நெனச்சேன்.” அவர் குரல் உயரவில்லை. “பக்கத்துலதான் இருக்கான். இப்ப என்கிட்ட சொன்னதை அவன்கிட்டயும் சொல்றீங்களா?”

மேலாளர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் சொன்னாள். அவள் முடித்ததும் மகன், “சரி” என்று மட்டும் சொன்னான். வைத்துவிட்டான்.

வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். மேலாளர், “முடிஞ்சுதுக்கா, விடுங்க” என்றார்.

அவளால் விட முடியவில்லை. பதிவுகள் ஆறு மாதத்துக்குச் சேமிப்பில் இருக்கும். தான் எடுத்த அழைப்புகளை எல்லாம் ஒருமுறை கேட்க அனுமதி கேட்டாள். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பதால் மறுப்பதற்கும் விதி இல்லை. தினமும் வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் மூலையில் இருக்கும் கணினியில் உட்காருகிறாள். பெரும்பாலும் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். அது அவளுக்கே ஆச்சரியம். இரண்டு இடத்தில் வீட்டு எண் மாறியிருக்கிறது. இரண்டிலும் டிரைவர் அக்கம்பக்கத்தில் விசாரித்துப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அந்த இரண்டையும் தேதியோடு எழுதி மேலாளரிடம் கொடுத்திருக்கிறாள். இன்னும் நாலு மாத அழைப்புகள் மீதி இருக்கின்றன.