குஞ்சம் முடியாத கோடி

காலையில் குடிதண்ணீர் அளந்து ஊற்றுகிற நேரத்தில் அந்தச் செய்தி வந்தது. அங்கமுத்து தன் பங்குத் தண்ணீரைக் கொட்டாங்கச்சியில் வாங்கிக்கொண்டு கப்பலின் ஓரமாக நின்றிருந்தான். மேற்கே நாகப்பட்டணத்துக் கரை தெரிந்தது. தென்னைகள், ஒரு கோபுரம், ஒல்லாந்தர் கோட்டையின் கொடிமரம். கரையிலிருந்து வந்த சின்னப் பாய்மரம் ஒன்று பக்கத்தில் அண்டாமல் கூப்பிடு தூரத்திலேயே நின்றது. அதிலிருந்தவன் கையைக் குவித்துக் கத்தினான். கப்பல் தலைவன் பதிலுக்குக் கத்தினான். வந்தது வந்த வழியே திரும்பிப் போயிற்று.

ஒல்லாந்தர் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி கீழே இறங்கி வந்து சொன்னான்.

"ஊர்ல வாந்திபேதியாம். இங்க யாரும் எறங்கக் கூடாது. நேரா யாழ்ப்பாணம்."

"எனக்கு யாழ்ப்பாணத்துல யாரு கீறாங்க?" என்றான் அங்கமுத்து.

"யாரும் இல்லன்னா நல்லதுதான். சொந்தக்காரன் வூட்டத் தேடிக்கினு அலைய வேணாம்," என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த ஆட்களிடம் போய்விட்டான்.

அங்கமுத்து கையிலிருந்த தண்ணீரைக் குடிக்க மறந்து நின்றான். அந்தக் கரையில்தான், ஆறு கடலில் விழும் இடத்துக் குப்பத்தில், அவன் தங்கை பச்சையம்மா ஒரு மூலையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் தருமன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. புருஷனை இழந்தவளுக்குப் போடும் புதுச் சேலையான கோடி தாய்வீட்டிலிருந்து வந்து அவள் தோளில் விழுந்தால் அவள் எழுந்து அண்ணனோடு பழவேற்காட்டுக்கு வரலாம். விழாவிட்டால், தை அமாவாசையன்று தருமனின் அண்ணன் தன் வீட்டுக் கோடியைப் போடுவான். அப்படிப் போட்டுவிட்டால் அவள் காலத்துக்கும் அந்த வீட்டுக்காரி. அந்த அண்ணன் பெண்டாட்டியை அடிக்கிறவன் என்பது பழவேற்காடு வரை தெரிந்த சங்கதி.

தருமன் போன செய்தி பழவேற்காட்டுக்கு வந்ததும் நடந்தே போகலாமென்று அங்கமுத்து நினைத்தான். ஆனால் வழியெங்கும் குதிரைப்படைகள் திரிந்தன. தப்பிப் போனாலும் அமாவாசை தாண்டிவிடும். அவன் பழவேற்காட்டு முகத்துவாரத்தில் அலை தாண்டிப் படகு வலிக்கிறவன். கோட்டைக்காரர்களின் துணிக்கட்டுகளைக் கரையிலிருந்து கப்பலுக்கு ஏற்றுவது அவன் பிழைப்பு. எத்தனையோ கப்பல்களின் விலாவைத் தொட்டிருக்கிறானே தவிர, ஒன்றிலும் ஏறிப் போனதில்லை. இந்தத் தடவை கோட்டைக் கணக்கப்பிள்ளையின் காலைப் பிடித்து ஏறினான். கப்பலின் அடியில் ஊறும் தண்ணீரை இறைக்க வேண்டும், அதுதான் கூலி. வாடைக் காற்று முதுகில் இருக்க நாலு நாளில் நாகப்பட்டணம் என்றார்கள். நாகப்பட்டணம் வந்தும் விட்டது. கண்ணெதிரே இருந்தது.

"இன்னா அங்கமுத்து, பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி கரையவே மொறைக்கிற?"

துணிக்கட்டுகளோடு காவலாக வந்த செங்கல்வராயன்தான் அப்படிக் கேட்டார். காட்டூரில் நெல் வைத்தவர். ஏரித் தண்ணீர் உப்பாகி வயலுக்குள் வந்த வருஷம் ஏரைப் போட்டுவிட்டுத் துணி வியாபாரியிடம் வேலைக்கு வந்தார். ஊரில் இருந்தால் அங்கமுத்துவுக்கு எதிரில் நின்று பேசியிருக்க மாட்டார். கப்பலில் இரண்டு பேருக்கும் ஒரே பலகை. முதல் இரண்டு நாள் வாந்தி எடுத்தே துவண்ட அவருக்கு அங்கமுத்துதான் தலையைப் பிடித்துவிட்டான்.

"அண்ணாத்த, நான் குதிச்சி நீஞ்சிடட்டுமா?"

"குதி. மேல துப்பாக்கிய வச்சிக்கினு ஒருத்தன் கொட்டாவி வுட்டுக்கினு கீறான். அவனுக்கும் பொழுது போவணுமே."

அங்கமுத்து மேலே பார்த்தான். உண்மைதான், ஒருவன் நின்றிருந்தான். கரையைத் தொட்டு வந்தவன் எவனும் ஏறக் கூடாது, கப்பலிலிருந்து எவனும் இறங்கக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு.

கப்பல் மெல்லத் தெற்கே திரும்பியது. பாய் கட்டிய கயிறுகள் முனகின. அங்கமுத்து தன் மூட்டையைப் பிரித்துக் கோடிச் சேலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். தறியிலிருந்து அறுத்த சேலை. வெள்ளை, காவிக் கரை. இரண்டு முனையிலும் நெய்யாத நூல் தொங்கியது. அதைப் பிரித்துக் குஞ்சம் குஞ்சமாக முடிய வேண்டும். கிளம்பிய நாளிலிருந்து தண்ணீர் இறைத்தது போக மிச்ச நேரமெல்லாம் அவன் அதைத்தான் முடிந்துகொண்டிருந்தான். ஒரு முனை முடிந்துவிட்டது. மறுமுனையில் பாதி. வலை முடிகிற விரல்களுக்கு அது பெரிய வேலையில்லை. இடக்கைக்காரன் ஆனதால் அவன் முடிச்சுகள் மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். சின்ன வயதில் பச்சையம்மா அதைச் சொல்லியே சிரிப்பாள். "உன் வலையில மீனு வந்த மேனிக்கி வெளிய போயிடும் அண்ணா."

வெயில் ஏறியதும் காற்று செத்தது. கப்பல் நகர்ந்தும் நகராமலும் கிடந்தது. அப்போதுதான் அந்தக் கட்டுமரம் வந்தது. இரண்டு பேர் இருந்தார்கள். கப்பல்காரர்களுக்கு மீன் விற்கலாமென்று வந்திருந்தார்கள். மேலே நின்றவன் துப்பாக்கியை ஆட்டி விரட்டினான். அவர்கள் துடுப்பைப் போடாமல் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"ஆத்து முகத்துக் குப்பத்துல தருமன் வூடு தெரியுமா?" என்று அங்கமுத்து கத்தினான்.

"எந்தத் தருமனுங்க? கடல்ல போன தருமனா?"

"அவன்தான். அவன் பொஞ்சாதிக்கு நான் அண்ணன்."

"அந்தப் பொண்ணு இன்னும் மூலையிலதான் இருக்குங்க. அமாவாசைக்கிக் காத்திருக்காங்க."

அங்கமுத்து மடியிலிருந்த சேலையைப் பார்த்தான். கொடுத்து அனுப்பலாம். ஆனால் அனுப்பவும் பயமாக இருந்தது. அவர்கள் குப்பங்களில், கடலுக்குப் போனவனின் துணி மட்டும் வேற்றாள் கையில் வீடு வந்தால், அவன் செத்தான் என்று அர்த்தம். தருமனின் தலைத்துணியும் அப்படித்தான் வந்திருக்கும். இப்போது கோடியும் தனியாகப் போய்ச் சேர்ந்தால், கொண்டுவந்த அண்ணனும் போய்விட்டான் என்று அவள் மாரில் அடித்துக்கொள்வாள். செத்தவன் கோடியைப் போட்டு அவளை யாரோடு அனுப்புவார்கள்?

"சீக்கிரம் சொல்லு, அவங்க போறாங்க," என்றார் செங்கல்வராயன்.

"தனியா போனா நான் செத்துட்டேன்னு நெனச்சிக்குவாங்க அண்ணாத்த."

"போவலன்னா?"

அங்கமுத்து சேலையின் முனையைக் கையில் எடுத்தான். விரல்கள் தாமாகவே அடுத்த குஞ்சத்துக்கு நூலைப் பிரித்தன. முடிச்சைப் போடப் போனவன் நிறுத்திக்கொண்டான்.

அவர்கள் குப்பத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. செத்தவனுடைய வலை பாதியில் நிற்கக் கூடாது. சேதி வந்த அன்றைக்கே பங்காளிகள் உட்கார்ந்து அதை முடித்துவிடுவார்கள். பாதி வலை ஒன்று தொங்கினால் அதற்கு உடையவன் எங்கோ உயிரோடு இருக்கிறான், திரும்பி வருவான். தருமன் வீட்டாரும் வலைக்காரர்கள்தான். பச்சையம்மாவுக்கு அண்ணனின் சாய்ந்த முடிச்சும் தெரியும்.

பிரித்த நூலை அப்படியே விட்டான். சேலையை மடித்தான்.

"நனைஞ்சிடும்," என்றான்.

செங்கல்வராயன் ஒரு கணம் யோசித்தார். பிறகு தன் காவலில் இருந்த துணிக்கட்டு ஒன்றின் மெழுகுத் துணியைக் கத்தியால் கிழித்தார். "கேட்டா எலி கடிச்சிதுன்னு சொல்றேன். ஒல்லாந்தன் கப்பல் எலிக்கி இல்லாத வாயா?"

சேலையை அதில் சுற்றி, ஒரு தக்கைக் கட்டையோடு சேர்த்துக் கட்டி, அங்கமுத்து முழு பலத்தோடு எறிந்தான். மேலே நின்றவன் ஏதோ அதட்டினான், சுடவில்லை. மூட்டை அலையில் ஏறி இறங்கி மிதந்தது. கட்டுமரக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டார்கள்.

"மிச்ச முடிச்ச நான் வந்து போடறேன்னு சொல்லுங்க," என்று கத்தினான். அதற்குள் காற்று எழுந்து பாய் படபடத்தது. கட்டுமரத்தில் இருந்தவன் காதில் கை வைத்தான். அங்கமுத்து மறுபடியும் கத்தினான். கட்டுமரத்துக்காரன் கையை ஆட்டினான். கேட்டு ஆட்டினானா, போய்வருகிறேன் என்று ஆட்டினானா, தெரியவில்லை.

யாழ்ப்பாணத்திலும் இறங்க விடவில்லை. வாந்திபேதிக் கரையிலிருந்து வந்த கப்பல் என்று அங்கிருந்தும் ஒரு படகு எதிரே வந்து கத்தியது. "அடுத்தது காலி, எலங்கைக்கித் தெக்கால கீற தொறமொகம்," என்றான் துபாஷி. காலியில் போய்க் குதித்தபோது அமாவாசை கழிந்து நிலா வளர்ந்திருந்தது. வடக்கே போக வேண்டுமானால் தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று எழ வேண்டும். செங்கல்வராயனுக்குத் துணிக்கட்டோடு அங்கேயே வேலை இருந்தது. அங்கமுத்து காலித் துறைமுகத்தில் படகு வலித்தான். அதே கோட்டைக்காரர்கள், அதே துணிக்கட்டுகள். யாரிடமும் அதிகம் பேசமாட்டான். வேலை இல்லாத நேரத்தில் கையில் கிடைத்த நூலை எடுத்து முடிந்து, பிறகு அவிழ்ப்பான். "பைத்தியம் முத்திப்போச்சி," என்று செங்கல்வராயன் கேலி செய்வார். தன் பொரிவிளங்காய் உருண்டையில் பாதியை உடைத்து அவன் பக்கம் வைத்தும் விடுவார்.

சித்திரையில் வந்த ஒரு கப்பலில் மாணிக்கம் இருந்தான். பழவேற்காட்டில் அங்கமுத்துவோடு ஒரே படகில் துடுப்புப் போட்டவன். அங்கமுத்துவைக் கண்டதும் அவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"உன் தங்கச்சி சொன்னது நெசந்தான்டா."

"அவ எங்க?"

"எங்கன்னா? நம்ம குப்பத்துலதான். கோடி வந்ததும் மாமியாக்காரி ஒப்பாரிய ஆரம்பிச்சிட்டாளாம், அண்ணனும் பூட்டான்னு. இவ சேலைய வாங்கிப் பாத்தாளாம். எங்க நைனா வூட்டுல யாரும் சாவல, முடிச்சி பாதியில நிக்கிது பாருன்னாளாம். பெரியவங்க கூடிப் பாத்துட்டு, அண்ணன் போட்ட கோடிதான்னு ஒத்துக்கினாங்க. படக வச்சி அனுப்பி வுட்டாங்க."

அங்கமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டான். மாணிக்கமும் உட்கார்ந்தான்.

"பக்கத்து வூட்டு முனியம்மா, இன்னாத்துக்குத் தொங்குதுன்னு மிச்சத்த முடியப் போச்சி. உன் தங்கச்சி அவ கையத் தட்டி வுட்டுட்டா. அவ்ளோ கோவம்."

"மழையில நனைய வுடாம இருக்கச் சொல்லு," என்றான் அங்கமுத்து.

"நீயே போய்ச் சொல்லு."

அடுத்த வாரம் பழவேற்காட்டுக்கென்று ஒரு கப்பல் புறப்பட்டது. தண்ணீர் இறைக்கும் வேலைதான், ஏறிக்கொண்டான். காலி கண்ணுக்கு மறைந்த இரண்டாம் நாள், காலையில் தண்ணீர் அளக்கும் நேரத்தில் அந்தக் கப்பலின் துபாஷி கீழே இறங்கி வந்தான். முதலில் திருக்கோணமலை, அங்கிருந்து எங்கே என்பது அங்கே போய்த்தான் தெரியும் என்றான். அங்கமுத்து தலையை ஆட்டிவிட்டுத் தன் பங்குத் தண்ணீரை வாங்கிக் குடித்தான். பழவேற்காட்டில் பச்சையம்மாவின் கோடிச் சேலையில் ஒரு முனையின் பாதிக் குஞ்சம் இன்னும் முடியாமல் கிடந்தது.