இரைப்பையாரும் பெருங்குடலுக்குப் போகவேண்டிய மாத்திரையும்

“இந்தத் தொண்டைக்குள்ள முழு மாத்திரை ஒண்ணுகூட இறங்கினது கிடையாது. இனிமேலும் இறங்காது. எழுதி வெச்சுக்கோங்க!”

மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில், தேநீர் வேளையில், ஏழு பேர் முன்னிலையில் இப்படி முழங்கியவர் இரைப்பையார். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்த, மாத்திரைகளுக்கு மேல்பூச்சு பூசும் கோட்டிங்காரர், வாய் நிறையத் தண்ணீருடன் அப்படியே நின்றுவிட்டார். ஏழு பேரில் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கூடத்தில் எழுதித் தீராத பதிவேடுகள் ஏற்கெனவே மலைபோல் கிடந்தன. ஆகவே அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுந்திருக்கிறது.

இரைப்பையார் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல, உத்தியோகம் வைத்த பெயர். இருபத்தாறு வருடங்களாக அவர் ஒரு வயிற்றை நடத்தி வந்தார். வெந்நீர்த் தொட்டி ஒன்று. அதில் கழுத்தளவு மூழ்கிய ஆறு கண்ணாடிக் குடுவைகள். குடுவைக்கு ஒரு துடுப்பு. உடம்புச் சூட்டுக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து, குடுவையில் அமிலம் ஊற்றினால் அது இரைப்பை. அமிலத்தைக் கொட்டிவிட்டு வேறு கரைசல் ஊற்றினால் அதுவே சிறுகுடல். மாத்திரையை உள்ளே போட்டுவிட்டு, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, அது எப்போது கரைகிறது என்று கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். வயிற்றுக்காக வேலை செய்பவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். வயிறாகவே வேலை செய்தவர் இவர் ஒருவர்தான்.

நேரத்துக்கு முன்னால் கரைந்துபோகும் மாத்திரைகளை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. ‘தேறவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இவரோ பக்கத்திலேயே ‘அவசரக்குடுக்கை’ என்றும் எழுதி வைப்பார். ஆய்வுக்கு வந்த அதிகாரி, இந்த அவசரக்குடுக்கை எந்த ரசாயனத்தின் பெயர் என்று விசாரித்த பிறகு, நிர்வாகம் எழுத்து மூலம் கண்டித்தது. அதன் பின் பென்சிலால் எழுதினார்.

அவர் முழக்கத்தைக் கேட்டவர்கள் ஆரோக்கியப் பெருமை என்று எடுத்துக்கொண்டார்கள்; அதற்குப் பின்னால் இருந்த சங்கதி வேறு. அவருக்கு மாத்திரை விழுங்க வராது. தண்ணீர் போகும், மாத்திரை மட்டும், விலாசம் தவறிய கடிதம்போல, நாக்கின் மேலேயே திரும்பி வந்து நிற்கும். இது அவர் மனைவி ஒருவருக்குத்தான் தெரியும். அந்த அம்மாள் தபால் நிலையத்தில் முத்திரை குத்துபவர். காய்ச்சல் மாத்திரையைக் காகிதத்தில் மடிப்பார், முஷ்டியால் ஒரே குத்து. பொடியைத் தேனில் குழைத்து ஒரே ஊட்டு. இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் ஒரு குத்துகூடக் குறி தவறியதில்லை.

இப்படி அடுத்தவர் வயிறுகளைக் கவனித்துக்கொண்டிருந்தவரின் சொந்தப் பெருங்குடல் ஒருநாள் முறையிட்டது. கழிப்பறையில் ரத்தம். ஒரு மாதம் பீட்ரூட் மேல் பழி போட்டார். வீட்டில் பீட்ரூட் வாங்கியே ஆறு மாதம் ஆகிறது என்று மனைவி எடுத்துச் சொன்னதும் வேறு காய்கறி எதுவும் தோன்றாமல் மருத்துவமனைக்குப் போனார்.

புற்றுநோய். பெருங்குடலின் கடைசி வளைவில் ஒரு கட்டி.

“ரெண்டு வழி இருக்கு சார்,” என்றார் டாக்டரம்மா. “ஒண்ணு, உடனே பெரிய ஆபரேஷன். குடலை வெட்டிட்டு, வயித்துல வழி வெச்சு, வெளியில பை மாட்டணும். காலம் பூரா பை இருக்கும். இன்னொண்ணு, ஆராய்ச்சியில இருக்குற ஒரு மாத்திரை. வயித்துல கரையாது, சிறுகுடல்லயும் கரையாது. பெருங்குடல்ல இருக்குற கிருமிங்க மட்டும்தான் அதோட மேல்பூச்சைத் தின்னும். அங்க போய்த்தான் மருந்து வெளிய வரும். கட்டி சுருங்கினா சின்ன ஆபரேஷன், பை வேண்டாம்.”

முதலில் ஒரு வெள்ளோட்டம் உண்டு. மருந்தில்லாத மாத்திரை ஒன்று; உடம்புக்கு உள்ளே இருப்பதைக் காட்டும் கேமராவில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும் ஒரு பொருள் மட்டும் அதற்குள் இருக்கும். அது சரியான இடத்தில் திறந்தால்தான் மருந்து ஆரம்பம். இல்லையென்றால் பை.

டாக்டரம்மா காட்டிய மாத்திரை அட்டையில் தொகுதி எண்ணைப் பார்த்ததும் இரைப்பையாரின் முதுகு நிமிர்ந்தது. கோட்டிங்காரர் பூசி, இவரே சோதித்துக் கையெழுத்திட்ட தொகுதி.

“இது நம்ம பிள்ளை, மேடம்! அமிலத்துல ரெண்டு மணி நேரம் போட்டேன். அசையலையே!”

“ரொம்ப நல்லதாப் போச்சு. கடிக்கக்கூடாது, உடைக்கக்கூடாது, பொடி பண்ணக்கூடாது. முழுசா முழுங்கணும், அவ்வளவுதான்.”

மனைவி கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தார்.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. முதல் நாள் கடுகு: உள்ளே போனது. வெற்றிக் களிப்பில் அடுத்த நாளே மிளகுக்கு முன்னேறினார். அதைக் கடித்துவிட்டார். மனைவியும் சேர்ந்து தும்மினார்.

“ஏங்க, பல்லுக்கு என்னங்க அவ்வளவு அவசரம்?”

“அது தன்னால கடிக்குதும்மா. நான் என்ன செய்ய?”

வெள்ளோட்ட நாளில் கேமராவுக்கு அடியில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து எதிரே நின்றார். இரைப்பையார் தலையை அண்ணாந்து ஒரு தம்ளர் குடித்தார். மாத்திரை நாக்கிலேயே இருந்தது. இரண்டாவது தம்ளர். இருந்தது. “முழுங்கியாச்சா சார்?” என்று நர்ஸ் அதட்டிய அதட்டலில் பல்லுக்கு வேகம் வந்துவிட்டது.

கறுக்.

திரையைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தாடையைச் சுற்றி நட்சத்திரக் கூட்டம்போல் வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது.

“சார், இது பெருங்குடலைத் தேடிப் போற மாத்திரை. உங்களுக்குப் பெருங்குடல் கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்துலயா இருக்கு? கடிச்சீங்களா?”

“ஐயோ, கடிக்கலையே மேடம்!”

மனைவி வாய் திறந்தார். கணவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். டாக்டரம்மா கெட்டிக்காரர், ஆனால் நோயாளி சொன்னதை நம்பிவிட்டார். பூச்சில்தான் கோளாறு என்று, நோயாளியின் பெயர் இல்லாமல், தொழிற்சாலைக்குப் புகார் போனது. பெரிய ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப்பட்டது.

தொழிற்சாலையில் பூகம்பம். காரணம் தெரியும்வரை அந்தத் தொகுதி முழுவதும் நிறுத்தம். கோட்டிங்காரர் இயந்திரத்தைத் தொடக்கூடாது. மறுசோதனை யார் தலையில்? இரைப்பையார் தலையில்தான்.

ஆறு மாத்திரைகள் ஆறு குடுவைகளில் இறங்கின. கோட்டிங்காரர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சை முடிவு பார்க்கிற பையனின் அப்பாபோல உட்கார்ந்தார். அரை மணி. ஒரு மணி. இரண்டு மணி.

“பாத்தீங்களாண்ணே! ஒரு கீறல் உண்டா?”

“இல்ல.”

“அமிலத்துல நிக்குது, எச்சில்ல கரைஞ்சுதாமா? அந்த ஆளு கடிச்சிருக்கான்! யாருண்ணே அந்த மகராசன், குடலுக்குப் போற மாத்திரைய மிட்டாயா நெனச்சவன்? வாயில அரவை மில்லா வெச்சிருக்கான்?”

கூடமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் இரைப்பையார். சிரிப்பு அடங்கியபோது அவருக்கு மட்டும் சட்டை நனைந்திருந்தது. குடுவைகளைப் பார்த்தார். உடம்புச் சூட்டில் இருந்த அமிலத்தில் ஆறும் தேமே என்று சுற்றிக்கொண்டிருந்தன. இவற்றின் கூடப்பிறந்த ஒன்றை நான்கு அங்குலத் தொண்டையைத் தாண்ட விடாதவர் இவர்தான்.

அறிக்கையில் ‘காரணம்’ என்ற கட்டத்தில், பேனாவால், ‘நோயாளி கடித்துவிட்டார்’ என்று எழுதினார்.

மேலாளர் படித்தார். “இதை எப்படி இவ்வளவு நிச்சயமா எழுதுறீங்க?”

“எனக்குத் தெரியும் சார்.”

“அதான், எப்படித் தெரியும்?”

“நான் பக்கத்துலதான் சார் இருந்தேன்.”

“அப்படின்னா? நோயாளி உங்களுக்குச் சொந்தமா?”

“ரொம்ப நெருங்கின சொந்தம் சார்.” கொஞ்ச நேரம் மென்று விழுங்கிப் பார்த்தார்; அந்த விழுங்கலும் சரியாக வரவில்லை. “நான்தான் சார்.”

பேனா உருளும் சத்தம் கேட்டது. கோட்டிங்காரரின் முகத்தில் கோபம் ஏறி, பாதியில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் இறங்கியது. அந்த மாத்திரை எந்த நோய்க்கு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“அண்ணே,” என்றார் கடைசியில். “தலைய அண்ணாந்தா குடிச்சீங்க?”

“ஆமா.”

“அண்ணாந்தா தொண்டை இறுகிக்கும்ணே. குனிஞ்சு முழுங்குங்க. மோவாய் நெஞ்சுல படணும்.” பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “என் பூச்சுக்கு எந்தக் குறையும் இல்ல. உங்க வழிய மட்டும் சரி பண்ணுங்க.”

ஆபரேஷன் நாள் தள்ளிப்போனது; மறு வாரம் இரண்டாவது வெள்ளோட்டம். டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுபடி கேமராவுக்கு அடியில் உட்கார்ந்தார். முழக்கம் எதுவும் இல்லை. நர்ஸ் மாத்திரையைக் கையில் வைத்துவிட்டு, போன தடவை அனுபவத்தில், இன்னும் இரண்டு தம்ளர் நிரப்பத் திரும்பினார். திரும்பி வந்தபோது கை காலி.

“சார், மாத்திரைய எங்க போட்டீங்க?” என்று நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடினார். மனைவியும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உதவிக்குக் குனிந்தார்.

இரைப்பையார் மோவாய் நெஞ்சில் ஒட்டியபடியே கண்ணை மட்டும் உயர்த்தித் திரையைக் காட்டினார். விலா எலும்புக்குக் கீழே, இரைப்பையில், சிதறாமல், ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு நின்றது.