அழிக்காமல் வைத்த அம்மன் படங்கள்

வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மகள் உயர்தரப் பரீட்சைக்கு அதில்தான் படித்தாள். அவளுடைய பாடக் குறிப்புகள் இருந்த ஃபோல்டரைத் திறந்தால், ஐந்து நிமிடம் திரை அசையாமல் நிற்கத் தொடங்கியது.

“கண்ட படத்தையும் ஏத்தி வச்சிருக்க,” என்று கன்னத்தில் அறைந்தேன்.

“நான் ஒன்னும் ஏத்தலப்பா.”

நம்பவில்லை. பரீட்சைக்கு இரண்டு வாரமே இருந்தும், கம்ப்யூட்டரைத் தொட விடவில்லை.

ஹட்டனிலிருந்து பழுதுபார்க்க வந்தவர் சொன்னார்: “ஐயா, இந்த ஃபோல்டருக்குள்ள திருவிழாப் படமே ஆயிரக்கணக்குல கெடக்குங்க. அத்தனையையும் சின்னதாக்கிக் காட்டணும்ல, அதான் இழுக்குது. மங்கலான படத்தையாச்சும் அழிச்சிருக்கலாமே?”

எல்லாம் நான் எடுத்து, நானே ஏற்றியவை. எனக்குத் தெரிந்த ஃபோல்டர் அது ஒன்றுதான். கை ஆடி முகமே தெரியாவிட்டாலும், அம்மன் படத்தை அழிப்பது பாவம் என்று வைத்திருந்தேன்.

“இது ஒனக்கு முன்னமே தெரியுமா, புள்ள?”

“தெரியும்ப்பா. சாமி படத்த அழிக்கச் சொன்னா மனசு ஒடைஞ்சு போவீங்கன்னுதான் சொல்லல.”

பழுதுபார்க்க வந்தவர் படங்களை வேறிடத்துக்கு மாற்றியதும் குறிப்புகள் உடனே திறந்தன. மகள் என்னைப் பார்க்காமல் படிக்க உட்கார்ந்தாள்.

படத்தில் இருந்த அம்மனுக்கு நோகும் என்று பயந்தவன் நான். பிள்ளைக்கு நோகும் என்று அன்று தோன்றவில்லை. கோயிலில் இன்றும் அதற்குத்தான் முதலில் மன்னிப்புக் கேட்கிறேன்.