ஈர இலை மணக்கும் சவர்க்காரம்

மகள் ஆராவ் நகரத்தில் ஒரு கடையில் வாங்கி வந்து தந்தாள்: மரக்கிண்ணத்துக்குள் ஷேவ் எடுக்கிற சவர்க்காரம், சோடியாகச் சின்னப் போத்தலில் ஆஃப்டர்ஷேவ். இரண்டிலும் இலையுதிர்கால வாசமாம். "அப்பா, மணந்து பாருங்கோவன்" என்றாள். நான் மணக்கவில்லை. என்னென்ன கலந்திருக்கிறார்கள் என்று அடியில் இருந்த பொடி எழுத்தைத் தேடினேன். பிறகு முழங்கையில் கொஞ்சம் பூசிவிட்டு, தோல் சிவக்கிறதா என்று அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பயங்களைச் சொல்லத் தொடங்கினால் இது முடியாது, விடுங்கள்.

மறுநாள் காலை பிரஷை நனைத்து நுரை எடுத்தேன். ஈர இலை, கொஞ்சம் புகை, வால்நட் கோது. கன்னத்தில் பூசியதும் கை நின்றுவிட்டது. இந்த மணத்துக்குள் நான் ஒரு மாதம் வேலை செய்திருக்கிறேன்.

அப்போது நான் இளந்தாரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அகதி விசாரணை முடியாமல் இழுபட்ட காலம். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் சட்டி கழுவுகிற வேலை. ஒவ்வொரு சட்டியும் என்னை உள்ளே இருத்தி மூடி போடலாம் என்கிற அளவு. தலைமைச் சமையல்காரரின் பெயர் ரூடி. எங்கள் கைகளையும் முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார். தாடி கூடாது என்பது அங்கே சட்டம்.

ஒக்டோபரில் ஊரில் அப்பா இறந்துபோனார். செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது தகனமும் முடிந்திருந்தது. நான் ஒரே மகன். கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். போனால் திரும்பி வர ஏலாது. அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை, ஒரு மாதம், பிள்ளை முகத்தில் கத்தி வைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். மகனென்று நான் செய்யக்கூடியதாக அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"தாடி விட்டா வேலை போகும், வேலை போனா பெர்மிட்டும் போகுமெண்டு விடிய விடியப் புலம்புறாய்" என்றார், ஒரே அறையில் என்னோடு இருந்த சிவாண்ணை. "ஒண்டில் ஷேவை எடு, இல்லாட்டிப் படு. என்னையெண்டாலும் படுக்க விடு."

எடுக்கவில்லை. சில நாளில் ரூடி வாசலிலேயே மறித்தார். தன் கன்னத்தில் விரலை வைத்துக் கத்தி இழுப்பதுபோலக் காட்டினார். என்னிடம் நன்றாகப் பாடமாக்கிய ஜெர்மன் வாக்கியம் ஒன்று இருந்தது. வாயைத் திறந்தபோது அதில் இரண்டு சொல்தான் வந்தது. "ஃபாட்டர். டோட்." அப்பா. செத்துப்போனார். பிறகு தாடியைத் தொட்டுக் காட்டினேன்.

ரூடி என்னைப் பின்பக்கக் கொட்டிலுக்குக் கூட்டிப்போய், இலை வாருகிற தடியைக் கையில் தந்து, தோட்டத்தைக் காட்டினார். இன்றைக்குத் தோட்டம், நாளைக்குத் தெரு என்றுதான் நினைத்தேன்.

"சட்டியிலயிருந்து சருகுக்கு! பதவி உயர்வடா தம்பி" என்றார் சிவாண்ணை.

வாரிய இடத்திலேயே இலை திரும்ப விழும். மழையில் நனைந்த குவியலைக் கிளறினால் அடியிலிருந்து மெல்லிய சூடு எழும்பும், அதோடு அந்த மணமும். அங்கே நின்று அப்பாவை நினைத்து அழலாம், யாரும் பார்க்கமாட்டார்கள். சமையலறையில் அதற்கு இடமில்லை.

என் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்களோ என்ற பயம் தாங்காமல், ஒரு மத்தியானம் பின்கதவால் எட்டிப் பார்த்தேன். ரூடி சட்டைக் கையை மடித்துவிட்டு என் சட்டிகளை உரஞ்சிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய சமையல்காரர், நெற்றியெல்லாம் சவர்க்கார நுரை. என்னைக் கண்டதும் ஏதோ களவு பிடிபட்டவர்போல முகம் சிவந்து, "இலை!" என்று வெளியே கையைக் காட்டினார்.

அந்தியேட்டி முடிந்து, வழித்த முகத்தோடு உள்ளே போனேன். சிவாண்ணை "மாப்பிள்ளை மாதிரிப் போ" என்று தன் ஆஃப்டர்ஷேவை என் கன்னங்களில் கவிழ்த்திருந்தார். ரூடி சூப்புக் கரண்டியை மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். கரண்டியை வைத்தார். மணந்தது சூப் அல்ல, நான். கழுவிக்கொண்டு வா என்று துரத்தினார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

ஒழுங்காக நன்றி சொல்லும் அளவுக்கு ஜெர்மன் வர எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. சொன்னேன், அந்த மட்டில் நான் பாக்கியசாலி. "என் முதுகு இன்னும் நோகிறது" என்றார் ரூடி.

அந்த இல்லத்தை இடித்துவிட்டார்கள். ரூடியும் இல்லை. நான் இப்போது வேலை செய்கிற சமையலறையில் தாடிக்கு ஒரு வலை போட்டால் போதும். போன வருடம் அம்மா போனபோது, ஊருக்குப் போய்க் கொள்ளி வைத்துவிட்டு வர முடிந்தது. தாடியோடு வேலைக்குத் திரும்பினேன். மறிப்பார்களோ என்று வழக்கம்போல நித்திரையில்லை. ஒருவரும் மறிக்கவில்லை. இங்கேயே பிறந்த தமிழ்ப் பெடியன் ஒருவன், நல்ல சமையல்காரன், கிட்ட வந்து பார்த்தான்.

"அங்கிள், தாடி வடிவாயிருக்கு. என்ன எண்ணெய் பூசுறியள்?"

"ஒண்டுமில்லையடா தம்பி" என்றேன்.

ரூடி இருந்திருந்தால் முதலில் ஏசியிருப்பார். பிறகு, செத்தது யார் என்று கேட்டிருப்பார்.