கடித்துக் காட்டிய கிழங்கு

திருச்செங்கோட்டில் அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சேலம் பஸ் ஏறினேன். கானா நாட்டுக் குமாசி நகரத்தில் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் மகன் செந்திலின் வீட்டுக்குப் பயணம். சென்னையில் விமானம் ஏறி, நடுவில் ஒன்று மாறி, அக்ராவில் இறங்கினேன். அங்கிருந்து குமாசி இருநூற்றைம்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஆறு மணி நேரம். வழியெல்லாம் விளைகிற காட்டை அழித்து வீடு கட்டுகிறார்கள், நம் ஊர்ப் பக்கம் போலவே. இத்தனை சனத்துக்கும் சோறு எங்கிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டே புதன்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. பேத்தி யாழினிக்கு அன்று ஐந்து வயது நிறைகிறது. முருகனுக்குப் படைக்க ஏதாவது வாங்கலாம் என்று செந்தில், யாழினி, நான் மூவரும் சந்தைக்குப் போனோம். அங்கே மண் ஒட்டியபடி குச்சிக்கிழங்கு குவிந்து கிடந்தது! மரவள்ளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை வேகவைத்துத் தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் படைப்பது என் வீட்டுக்காரியின் வழக்கம். அவள் போய் மூன்று வருஷமாகிறது.

ஆசையாக ஒரு கிழங்கை எடுத்தேன். கடைக்கார அம்மா என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினார். அமா என்று பெயர், என் வயதுதான் இருக்கும்.

"நோ, பாப்பா! நோ!"

யாழினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்பாரைப் போய்ப் பாப்பாங்கறாங்க!" தாத்தாவை எங்கள் பக்கம் அப்பார் என்போம்.

"இங்க பெரியவங்கள அப்படித்தான் கூப்புடுவாங்க சாமி" என்ற செந்தில், அந்த அம்மாவிடம் அவர்கள் பாஷையில் விசாரித்தான். "அப்பா, இது கசப்புக் கிழங்குங்க. துருவி, புளிக்க வெச்சு, புழிஞ்சு, வறுத்துத்தான் திங்கோணுமாம். சும்மா வேகவெச்சுக் கொழந்தைக்குக் குடுத்தா வெசமுங்களாம்."

நம் பக்கம் ஜவ்வரிசி மில்லுக்குப் போகும் கிழங்கிலும் கசப்பு உண்டு. அந்தத் தழையைத் தின்று எங்கள் ஆடே செத்திருக்கிறது. தெரிந்திருந்தும் ஆசையில் மறந்தேனே!

அமா வேறொரு கூடையிலிருந்து கிழங்கு எடுத்தார். தோலைச் சீவி, நுனியைக் கடித்து, மென்று விழுங்கிக் காட்டிவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். ஒரு குவியல் இருபது சிடி, அந்த நாட்டுப் பணம்.

சாமிக்கு வைப்பதை யாரும் முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான்.

"எச்சில் பட்டது வேண்டாமுங்க, அதை வெச்சுட்டு வந்தர்லாம்" என்றான் செந்தில்.

"இல்ல சாமி, அதையும் போடு. முருகன் கோவிச்சுக்க மாட்டான்" என்றேன் மகனிடம்.

அதையும் சேர்த்தே வேகவைத்துப் படைத்தோம். யாழினி இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஊர் திரும்பினேன். திருச்செங்கோட்டுச் சந்தையில் வழக்கமான கடையில் கிழங்கு கேட்டேன். "கொஞ்சம் கடிச்சுக் காட்டுங்க."

"ஏனுங்க, இத்தன வருசமா வாங்கறீங்க, எம்மேலயே சந்தேகமுங்களா?" கடைக்காரர் சிரித்துக்கொண்டே கடித்தார்.

மீதியை வீசப் போனவரைத் தடுத்து, பையை விரித்துப் பிடித்தேன்.