டங்கன் வீட்டு முழுவியளம்

இந்த நாட்டில் என்னைக் கண்டால் கதவுகள் நாலு விரல் அகலத்துக்குத்தான் திறக்கும். சங்கிலியைக் கழற்றாமலே ஒரு கண் வெளியே வந்து என்னை விசாரிக்கும். அகதிகளைத் தங்கவைக்கும் எங்கள் ஹைமுக்குப் பக்கத்து வீட்டுக் கிழவியின் பூனையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதும், அந்த இடைவெளியால் பூனையை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார். அதனால் டங்கன் தன் வீட்டுக்கு வரச் சொன்னபோது சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது.

நான் கோப்பை கழுவும் உணவகத்தில் டங்கன் சமையல்காரன். ஸ்கொட்லாந்துக்காரன். பிர்கிட் என்ற ஜேர்மன்காரியைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவன். ஜேர்மன் பாஷை இரண்டு பேருக்கும் அரைகுறை; அவனுடைய டொச்சும் என்னுடைய டொச்சும் சேர்ந்து நடந்தால் இரண்டும் நொண்டும். மார்கழிக் கடைசியில் ஒருநாள், பழைய பேப்பரில் சுற்றிய நிலக்கரித் துண்டு ஒன்றை என் கையில் வைத்தான்.

"வருசம் பிறந்த உடனை இதோடை என்ரை வீட்டுக்கு வா. கதவு திறந்தா ஒண்டும் கதையாதை. கரியை அடுப்பிலை போட்ட பிறகுதான் வாய் திறக்கலாம்."

"உன்ரை கரியை உன்ரை வீட்டுக்கு நான் ஏன் காவவேணும்?"

"நீ கறுப்பு."

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். அவன் அவசரமாகத் தன் செம்பட்டைத் தலையைத் தொட்டுக் காட்டி, "தலைமயிரைச் சொன்னனான்" என்றான். பிறகு விளக்கினான். புதுவருசத்தில் முதலில் வாசல் மிதிப்பவன் கறுத்த முடிக்காரனாக இருக்கவேண்டுமாம். முந்தி மஞ்சள் முடிக்காரர் கடலால் வந்து கொள்ளையடித்ததால், அந்த நிறம் வாசலுக்கு ஆகாதாம். போன வருசம் பிர்கிட்டின் மஞ்சள் முடித் தம்பி முதலில் நுழைந்தான். சித்திரையில் அவள் வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. இப்போது மறுபடி ஏழு மாதம். "இந்த ஊரிலை கறுத்த முடி உள்ள ஆள் எனக்கு உன்னைத்தான் தெரியும்" என்றான். அவன் சிரிக்கவில்லை.

என் அறையில் இருக்கும் யோகன் அண்ணைக்குக் கரியைக் காட்டினேன். அவர் தொடாமலே பார்த்தார்.

"அகதிகளைப் பிடிக்காதவங்கள் ஹைமுக்கெல்லாம் நெருப்பு வைக்கிறாங்கள். இந்த நேரத்திலை ஒருத்தன் உன்ரை கையிலை கரியைத் தாறான், நீயும் வாங்கிக்கொண்டு வாறாய். சாமத்திலை கரியோடை, வாய் திறவாமல் வெள்ளைக்காரன்ரை வாசலிலை நிண்டால் பொலிஸ் என்னடா நினைக்கும்? உன்னை அகதியா ஏற்கிறதுக்கான அசூல் வழக்கும் இன்னும் முடியேல்லை."

"செய்வினையா இருக்குமோ அண்ணை?"

"செய்வினையெண்டால் உனக்குத்தான் வேலை செய்யாதே. நீயே ஒரு செய்வினை."

அண்ணை பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் ஊரில் அதைப் பகிடியில்லாமலே சொன்னார்கள். எங்காவது போக வெளிக்கிடும்போது எதிர்ப்படும் முகத்தை நாங்கள் முழுவியளம் என்போம். என் முழுவியளம் சரியில்லை என்று ஒழுங்கையே முடிவு கட்டியிருந்தது. எப்படித் தொடங்கியதென்று தெரியாது. நானும் விடவில்லை. கடைக்கார முதலாளி வெளிக்கிடும் நேரம் பார்த்து எதிரே போய், "எங்கை ஐயா பயணம்?" என்று பல்லைக் காட்டுவேன். அவர் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடுவார். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா என் தோளைத் தொட்டு, "கொஞ்ச நேரம் பின்பக்கம் நில்லு ராசா" என்றா. பின்கதவுக்கு வெளியே நின்றேன். சம்பந்தம் சரிவந்தது. அதுதான் இன்னும் குத்துகிறது.

எனக்குப் பொலிஸைவிட அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் பயம். ஏதும் நடந்தால் இந்த ஊரும் என்னைப் பின்பக்கம் அனுப்பும். டங்கனிடம் உண்மையைச் சொல்லிக் கரியைத் திருப்பிக் கொடுப்பதென்று முடிவு செய்து, முப்பத்தோராம் திகதி இரவு போனேன். வாசலை நெருங்க வருசம் பிறந்தது. ஊர் முழுக்க வெடி. போருக்குள் வளர்ந்த எங்கள் உடம்புக்குக் கொண்டாட்டமும் ஷெல்லும் ஒரே சத்தம்தான். டங்கனின் காருக்குப் பின்னால் குப்புற விழுந்து, எழும்பிப் பனியைத் தட்டுவதற்குள் கதவு திறந்துவிட்டது.

நாலு விரல் இல்லை, முழுக் கதவும். பிர்கிட் வயிற்றில் கை வைத்தபடி நின்றாள். சொல்ல வாயெடுத்தேன். டங்கன் தன் உதட்டில் விரலை வைத்தான். கதைத்தால் சடங்கு கெடும், கதைக்காவிட்டால் நான் பொய்யன். பிர்கிட் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்க் கரியை அடுப்பில் போட்டேன். அது பிடிக்கும்வரை மூவரும் அடுப்புக்கு முன்னால் நின்றோம். டங்கன் விஸ்கியை ஊற்றி, "இப்ப கதை" என்றான். புதுவருச வாழ்த்து மட்டும்தான் வந்தது. அப்போது பிர்கிட் போய்ப் பின்கதவைத் திறந்தாள். பொலிஸைத்தான் உள்ளே விடுகிறாள் என்று என் கால் ஓடத் திரும்பிவிட்டது. அது பழைய வருசம் வெளியே போவதற்காம்.

மாசியில் பெண் பிள்ளை பிறந்தது. அது டாக்குத்தரின் வேலை என்று டங்கனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. நானும் அடுத்த வருசம் அழைக்காமலே கரியோடு போனேன். பிர்கிட் பின்கதவைத் திறக்கும்போதெல்லாம், அம்மா நிற்கச் சொன்ன இடத்தில் ஒருவன் இன்னும் நிற்பது எனக்குத் தெரிகிறது. முன்வாசலால் வந்த நானும் அவனும் வீட்டுக்குக் குறுக்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், குளிர் வருகிறதென்று பிர்கிட் கதவைச் சாத்தும்வரை.