மணி அடித்த பிறகு வந்தவர்கள்

வாத்தியார் வேலை என்றால் பாடம் நடத்துவது என்று நம்பித்தான் நானும் சேர்ந்தேன். வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை என்பது, 1950களில் கடப்பாக்கம் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றில் தெரிந்தது. சாக்பீஸ் தூளில் இருமிய சகாக்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

பஸ் மணி

ஊரில் கடிகாரம் கிடையாது. செங்கல்பட்டு பஸ்ஸின் ஹாரன் கேட்டால் பள்ளிக்கூட நேரம். ஒருநாள் பஸ் வழியில் படுத்துவிட, குத்துமதிப்பாக நானே மணி அடித்துவிட்டேன். வெயில் ஏறிய பிறகு சாவகாசமாக வந்தாள், மளிகைக்கடை பாய் மகள் ரஹ்மத். "மணி என்ன தெரியுமா?" என்று பிரம்பை ஆட்டினேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"பஸ்ஸே இன்னும் வரல சார். அதுக்குள்ள இன்னாத்துக்கு மணி அடிச்சீங்கோ?"

ஓடக்காரர் மகன்

கால்வாய்க்கு அக்கரைப் பிள்ளைகள் ஓடத்தில் வரவேண்டும். எல்லாரும் ஏறி உட்கார்ந்தாலும் ஓடம் நகராது. ஓடக்காரர் மகன் வரவேண்டும். அவனோ வீட்டில் இரண்டாவது தடவை கூழ் குடித்துக்கொண்டிருப்பான். "ஒருத்தனுக்காக இத்தனை பேரை நிறுத்துவீரா?" என்று ஓடக்காரரிடம் எகிறினேன்.

"அவன வுட்டுட்டு வந்தா எனக்கு வூட்ல சோறு கெடையாது வாத்தியாரே. நீ போடுவியா?"

கரைவலை

ஊரே கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் கரைவலை போட்டால் வகுப்பு காலி. கயிறு இழுத்தவருக்கெல்லாம் ஒரு கை மீன் பங்கு உண்டு. ஆனால் கயிற்றில் கை வைத்தவர், வலை கரையேறும்வரை விடக்கூடாது. அது குப்பத்துக் கட்டுப்பாடு.

"அடுத்த முறையும் வகுப்பு காலியாக இருந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவேன்" என்று எச்சரித்துப் போன கல்வி அதிகாரி வரும் நாளிலா வலை போடவேண்டும்! மூடினால் என் பிழைப்பும் போச்சு, இந்தப் பிள்ளைகளின் படிப்பும் போச்சு.

கடற்கரைக்கு ஓடினேன். ஒரு பையனைப் பிடித்து இழுத்ததில் கால் மணலில் சறுக்க, விழாமலிருக்கக் கயிற்றைப் பிடித்துத் தொலைத்தேன்.

"கை வச்சிட்ட இல்ல? இனிமே இழு!" என்றார் வலைக்காரர்.

ஏலேலோ பாட்டு எனக்கு வராது. வாயில் வந்தது வாய்ப்பாடுதான். "ஈரெண்டு?" என்று நான் இழுக்க, "நாலு!" என்று பிள்ளைகள் இழுக்க, பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வலை கரையேறியதும் திரும்பினால், அதிகாரி செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். ஒவ்வொரு தலையாக எண்ணினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"பிள்ளைங்க எல்லாரும் வந்துட்டாங்க. பள்ளிக்கூடம்தான் ஓய் இன்னும் வரல."

பள்ளிக்கூடத்தை மூடவில்லை, ஆனால் அதன்பிறகு வலை போடும் நாளிலெல்லாம் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் லேட், கையில் பங்கு மீனோடு.